கண்ட்ரோலரின் கடல் கண்ணாடி

உயிர் பிரிந்த பிறகும் முகத்தில் இப்படியோர் ஒளி தங்குவது மகான்களுக்கு மட்டுமே வாய்க்கும் என்று சின்ன மாமா கூடத்தின் நடுவில் நின்று அறிவித்தார். நாற்காலியில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பொய் சொல்லக் கூடாது, ஒளி இருக்கத்தான் செய்தது. மேலுதட்டிலும் மூக்கோரத்திலும் ட்யூப்லைட் வெளிச்சம் பட்ட இடமெல்லாம் பளபளத்தது.

அது வாஸ்லின். அந்தக் கூடத்தில் இது தெரிந்த ஒரே ஆள், தலைமாட்டில் நின்று பூக்களை ஒதுக்கிக்கொண்டிருந்த மருமகள்தான்.

அவள் துடைக்காமல் இல்லை. ஆனால் வாஸ்லினைத் துணியால் துடைத்தால் அது போவதில்லை, இடம் மாறுகிறது. காலையில் மீசையோடு நின்றது இப்போது கன்னம் வரைக்கும் குடியேறிவிட்டது.

படுத்திருந்தவர் அவளுடைய மாமனார். பல்கலைக்கழகத்தில் தேர்வுக் கட்டுப்பாட்டு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது அவர் மட்டும்தான், பதவி பெறவில்லை. உறவுக்காரர்களுக்கும் தெருக்காரர்களுக்கும் பால் போடுகிறவருக்கும்கூட அவர் கண்ட்ரோலர்தான். அப்பா உள்ளே நுழைந்தால் எங்கள் வீட்டு டிவி தானாகவே சத்தத்தைக் குறைத்துக்கொள்ளும் என்று அவள் கணவன் கல்யாணமான புதிதில் சொன்னான். வேடிக்கைக்குச் சொல்கிறான் என்று நினைத்தாள். பிறகு பார்த்தால், ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு செருப்புச் சத்தத்துக்குக் காது கொடுத்து உட்கார்ந்திருப்பவன் அவனேதான்.

"தம்பி, இங்க வா. அப்பா மூஞ்சியில இது என்ன கோடு?" என்றாள் கணவனின் அக்கா. அழுது முடித்து, மூக்கைச் சிந்தி, கண்ணைத் துடைத்துக்கொண்டதும் அவளுக்கு எல்லாம் தெளிவாகத் தெரிய ஆரம்பித்துவிட்டது.

நெற்றியில் தொடங்கி, இரண்டு பக்கமும் கண்ணோரமாக இறங்கி, கன்னத்தை வளைத்து, மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவில் வந்து சேர்ந்துகொண்டது அந்தக் கோடு. யாரோ டம்ளரைக் கவிழ்த்து அழுத்தி எடுத்த மாதிரி. ஆனால் டம்ளர் அந்த அளவில் எங்கேயும் விற்பதில்லை.

"தெரியலக்கா. நான் ஆபீஸ்ல இருந்து வரும்போதே இப்படித்தான் இருந்துச்சு" என்றான் அவன். இரண்டு பேரும் அவளைப் பார்த்தார்கள்.

"தலகாணி அழுத்தியிருக்கும் அண்ணி" என்றாள் மருமகள்.

"வட்டமாவா?"

"அதைத்தான் நான் சொல்ல வந்தேன்!" என்று சின்ன மாமா குறுக்கே வந்தார். கண்ட்ரோலரின் தம்பி. கல்லூரியில் தத்துவம் நடத்தியவர், சாவு வீட்டிலும் மேடைத் தமிழைக் கழற்றிவைக்காதவர். குடிக்கத் தண்ணீர் கேட்கும்போது மட்டும் நம்மைப் போலப் பேசுவார். "வட்டம்! தொடக்கமும் முடிவும் ஒன்றாகும் வடிவம். அண்ணன் நிறைவு பெற்றார் என்பதற்கு உடலே போட்ட முத்திரை!"

மருமகளுக்குச் சின்ன மாமாவின் பேச்சு வாழ்நாளில் முதன்முறையாகப் பிடித்தது.

"முத்திரை இருக்கட்டும் சித்தப்பா. மீசையைப் பாருங்க" என்றாள் அக்கா.

எல்லோரும் மீசையைப் பார்த்தார்கள். தேர்வு மண்டபங்களில் எத்தனையோ பேரின் கையெழுத்தைக் கோணலாக்கிய மீசை அது. இப்போது அதன் மேல்பாதி இல்லை. மூக்குக்கடியில் ஒரு விரல் அகலத்துக்குச் சுத்தமாக வழித்து, உதட்டை ஒட்டி ஒரு கோடு மட்டும் மிச்சம் இருந்தது. பெண் பார்க்கக் கிளம்பிய பழங்காலத்து மாப்பிள்ளை மாதிரி இருந்தார்.

"அவரேதான் எடுத்துக்கிட்டாரு அண்ணி. போன வாரம்."

"அப்பாவா? மீசையையா?" அக்காவுக்குச் சாவைவிட இது பெரிய அதிர்ச்சியாக இருந்தது போலிருந்தது. குனிந்து இன்னும் கிட்டே பார்த்தாள். "ஐயோ, வாய் ஏன் இப்படி உள்ள போயிருக்கு? பல் செட் எங்க?"

மற்ற கேள்விகளுக்கு மருமகள் தெரிந்தே பொய் சொன்னாள். இது அவளுக்கு நிஜமாகவே தெரியாது.

பல் செட் இல்லாமல் கண்ட்ரோலரை யாரும் பார்த்ததில்லை. மேல்வரிசை முழுக்கச் செட்டுதான். ராத்திரி கழற்றி வாஷ்பேசின் மேலிருக்கும் கண்ணாடி டம்ளரில் போடுவார். விடிந்ததும் யாரும் எழுவதற்கு முன்னால் மாட்டிக்கொண்டுவிடுவார். அக்கா போய்ப் பார்த்தாள். டம்ளரில் தண்ணீர் மட்டும் இருந்தது.

"தேடுங்க. ஊரே வந்து பாக்கப்போகுது. இந்த வாயோட என் அப்பாவை நான் அனுப்ப மாட்டேன்."

தேடல் ஆரம்பமானது. பல் எங்கே இருக்கிறது என்று மருமகளுக்குத் தெரியாது, ஆனால் பல்லைத் தேடிக்கொண்டு போகிறவர்கள் எதன்மேல் போய் முட்டுவார்கள் என்று தெரியும். அதைக் காப்பாற்றுவதாக மாமனாரிடம் வாக்குக் கொடுத்திருந்தாள்.

*

எல்லாம் அந்தத் தீவுப் பயணத்தால் வந்தது. கணவன் ஒரு வாரம் லீவு போட்டு, அப்பாவுக்கும் சேர்த்து டிக்கெட் வாங்கி, தங்குமிடம் பிடித்து, செல்போனில் படம் படமாகக் காட்டினான். கண்ணாடி மாதிரித் தண்ணீர். அதற்கடியில் பவளப்பாறை. மஞ்சளும் நீலமுமாக மீன்கள், கல்யாண வீட்டில் பட்டுப்புடவைக் கூட்டம் நகர்வதுபோல நகர்ந்தன. மூஞ்சியில் மாஸ்க்கும் வாயில் குழாயும் மாட்டிக்கொண்டு மேலாக மிதந்தால் போதுமாம், நீச்சல்கூடத் தேவையில்லை, மிதக்கிற சட்டை தருவார்களாம்.

அவளுக்கு மைனஸ் ஏழு. கண்ணாடியைக் கழற்றினால் கணவனும் பீரோவும் ஒன்றுதான், பேசினால் வித்தியாசம் தெரியும். கான்டாக்ட் லென்ஸ் போட்டால் கண் கோவைப்பழமாகிவிடும். "நான் கரையில உக்காந்து துண்டைப் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு ஒரு நாள் முழுக்க உர்ரென்று இருந்தாள். பிறகுதான் பவர் வைத்த மாஸ்க் என்று ஒன்று இருப்பது தெரிந்தது. அன்றைக்கு அவள் தாளித்த கடுகுகூடக் குஷியாக வெடித்தது.

கண்ணாடிக் கடைக்கு அவள் கிளம்பியபோது, என் ஃப்ரேம்ல ஸ்க்ரூ லூசு என்று சொல்லிக் கண்ட்ரோலரும் கூட வந்தார்.

கடைக்காரர் வாய் மூடாத மனுஷன். "ஒத்தை சன்னல் மாஸ்க் உங்களுக்கு ஆகாது மேடம். ரெண்டு கண்ணுக்கும் தனித்தனிச் சன்னல் இருக்கணும். அப்பத்தான் அதுல இருக்கற கண்ணாடியக் கழட்டிட்டு பவர் லென்ஸை உக்கார வைக்கலாம். தண்ணிக்குள்ள எல்லாம் பெரிசாத் தெரியும், அதனால பவர் கொஞ்சம் கம்மியா இருந்தாலே போதும். சாருக்கு என்ன பவர்?"

"மைனஸ் ஒம்பதரை" என்றார் கண்ட்ரோலர், பட்டம் வாங்கியதைச் சொல்வதுபோல. "எனக்கு வேண்டாம். நான் பெட்டி பாத்துக்கறதுக்குத்தான் போறேன். தண்ணியில குதிக்கறது சின்னப் பசங்க வேலை."

"எட்டு வரைக்கும் ரெடியா வருது சார். உங்களுக்கு அதுவே தாராளம்."

"வேண்டாம்னு சொன்னேன்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் வெகுநேரம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். திடீரென்று, "எட்டாவது படிக்கறப்ப ஸ்கூல்ல கடலுக்குக் கூட்டிட்டுப் போனாங்கம்மா" என்றார். "மொத அலையிலயே கண்ணாடி போயிடுச்சு. திரும்பி வர்ற வரைக்கும் யாரோ ஒரு பொண்ணுதான் என் கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்துச்சு. அது யாரு, மூஞ்சி எப்படி இருக்கும், இன்னிக்கு வரைக்கும் தெரியாது. அதுக்கப்புறம் கடலைக் காதால கேக்கறதோட சரி."

அவள் சிரிப்பை அடக்கியதில் இருமல் வந்தது. அவர் முகத்தில் மாற்றமில்லை. ஆனால் மீசை கொஞ்சம் அசைந்தது.

அந்த வாரக் கடைசியில் சமையலறை வாசலில் வந்து நின்று தொண்டையைச் செருமினார். "அந்தக் கண்ணாடிக்காரன் சொன்னது நிஜம்தானாம். எட்டே போதுமாம்."

"யார் மாமா சொன்னா?"

"அவன்தான். தற்செயலா அந்தப் பக்கம் போனேன்."

அந்தப் பக்கம் போக இரண்டு பஸ் மாற வேண்டும். நடுவில் ஒரு பாலத்தை வேறு நடந்து கடக்க வேண்டும். தற்செயலாகப் போகிற இடமில்லை.

"ஆர்டர் குடுத்துட்டீங்களா மாமா?"

"சும்மா சொல்லி வெச்சேன்" என்றார். பிறகு குரலை இறக்கி, "கறுப்பு கலர்" என்றார்.

மாஸ்க் வந்ததும் இருவரும் போய்ப் போட்டுப் பார்த்தார்கள். வாரைத் தலையில் மாட்டாமல், மாஸ்க்கை முகத்தில் வைத்து மூக்கால் மூச்சை இழுக்க வேண்டும். ஒட்டிக்கொண்டு நின்றால் அளவு சரி. அவளுடையது பல்லி மாதிரி நின்றது. கண்ட்ரோலருடையது அவர் இழுக்க இழுக்கப் பொத்தென்று கையில் விழுந்தது. மறுபடி இழுத்தார். மறுபடி விழுந்தது.

"மீசை சார்" என்றார் கடைக்காரர்.

சுவரில் மாட்டியிருந்த எழுத்து அட்டைகூட அவரைப் பார்ப்பதைத் தவிர்ப்பதுபோல அவளுக்குத் தோன்றியது.

"முழுசா எடுக்க வேண்டாம் சார். மூக்குக்குக் கீழ ஒரு விரல் அகலம். மிச்சத்துக்கு வாஸ்லின் தடவிக்கிட்டீங்கன்னா சொட்டுத் தண்ணி உள்ள வராது. குழாயை மட்டும் நல்லா அழுத்திக் கடிச்சுக்கணும். எது ஆனாலும் பிடியை விடக் கூடாது. விட்டா உப்புத் தண்ணிதான்."

"கடின்னா கடிப்பேன்" என்றார் கண்ட்ரோலர். விதிமுறை என்று ஒன்றை யாராவது சொல்லிவிட்டால் அவருக்கு அதற்கப்புறம் வேறு பேச்சு கிடையாது. மறுநாள் காலை பாத்ரூமிலிருந்து பாதி மீசையோடு வெளியே வந்தார். பேப்பர் படித்துக்கொண்டிருந்த மகன் பார்த்தான், பேப்பரை முகத்துக்கு நேரே உயர்த்திக்கொண்டான். அந்த வீட்டில் கேள்வி கேட்கிற துறை என்றுமே ஒருவர் கையில்தான் இருந்தது.

அவன் ஆபீசுக்குப் போன பிறகு கொண்டாட்டம்தான். மாமனாரும் மருமகளும் சமையலறையில் ஆளுக்கொரு மாஸ்க்கை மாட்டிக்கொண்டு, குழாயைக் கடித்துக்கொண்டு, அப்படியே மூச்சு விட்டுப் பழகினார்கள். அவர் "ஊ" என்பார். குழம்பில் உப்புப் போட்டாயா என்று அர்த்தம். அவள் "ஊ ஊ" என்பாள். கேஸ் சிலிண்டர்காரர் மணியடித்தபோது இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கதவைப் பார்த்துப் பாய்ந்து, பாதி வழியில் நின்று, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அவர் சிரித்ததை அவள் பார்த்தது அன்றைக்குத்தான். மாஸ்க்குக்குள் கண்கள் இரண்டும் பொடியாகத் தெரிந்தன, கண்ணாடியில் நீராவி படர்ந்திருந்தது.

"அவன்கிட்ட சொல்லிடாதே" என்றார் பிறகு, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "பெட்டி பாத்துக்க வந்த ஆளு தண்ணிக்குள்ள வந்து அவன் தோளைத் தட்டணும். அப்ப அவன் மூஞ்சியப் பாக்கணும் எனக்கு. பவரோட."

"சொல்ல மாட்டேன் மாமா."

"யார்கிட்டயும். தெருவுல தெரிஞ்சா மானம் போயிடும். கொஸ்டின் பேப்பர் மாதிரி வெச்சுக்கணும்."

"சீல் வெச்சாச்சு மாமா."

*

இன்றைக்குக் காலையில் பின்பக்கத்துப் பால்கனியில் துணி ஊறவைக்கிற நீல டப்பில் தண்ணீர் நிரப்பி, முக்காலி போட்டு உட்கார்ந்து கண்ட்ரோலர் மாஸ்க்குக்குப் பரீட்சை வைத்துக்கொண்டிருந்தார். பேப்பரின் ஒரு தாளைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு, இடிகல்லைப் பாரமாக வைத்து டப்பின் அடியில் கிடத்தியிருந்தார். தலையை உள்ளே விட்டுப் படித்தார். நிமிர்ந்தார். குழாயை வாயிலிருந்து எடுத்துவிட்டு, சமையலறைப் பக்கம் திரும்பிக் கத்தினார்.

"எல்லாம் பெரிசாத் தெரியுதும்மா! வரி விளம்பரம்கூடத் தெரியுது! ஒரு சொட்டு உள்ள வரல!"

"சத்தம் போடாதீங்க மாமா, கீழ்வீட்டுல கேக்கும்!" என்று அவளும் கத்தினாள். மறுபடி தண்ணீர் சலசலத்தது. அவள் சிரித்துக்கொண்டே காய் நறுக்கினாள். இன்னும் நாலு நாள்தான். பெட்டிகூடக் கட்டியாகிவிட்டது.

கொஞ்ச நேரத்தில் சலசலப்பு நின்றது. பிறகும் கேட்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு போனாள். முக்காலியில் உட்கார்ந்தபடி சுவரில் சாய்ந்திருந்தார். முகத்தில் மாஸ்க், வாயில் குழாய். தூங்குகிறார் என்றுதான் முதலில் நினைத்தாள். "மாமா" என்றாள். "ஊ" வரவில்லை.

மாஸ்க்கையும் குழாயையும் ஒரே இழுப்பில் பிடுங்கிக் கொடியில் கிடந்த துண்டின்மேல் வீசிவிட்டு எதிர்வீட்டு டாக்டரம்மாவிடம் ஓடினாள். அவர் உடனே வந்து, தரையில் படுக்கவைத்து, வாயைத் திறந்து பார்த்து, "பல் செட் போட்டுக்கலியா, நல்லதாப் போச்சு" என்று சொல்லிக்கொண்டே நெஞ்சை அழுத்தினார். வெகுநேரம் அழுத்தினார். பிறகு கையை எடுத்துவிட்டார்.

"முன்னமே ரெண்டு தடவை இதயத்துக்கு வைத்தியம் பாத்தவரு. போயிட்டாரும்மா."

"இதனாலயா டாக்டர்?" துண்டின்மேல் கிடந்ததைக் காட்டினாள்.

டாக்டரம்மா மாஸ்க்கைப் பார்த்தார், டப்பைப் பார்த்தார், டப்புக்குள் கிடந்த வரி விளம்பரத்தைப் பார்த்தார். "இல்ல. தண்ணியும் குடிக்கல, மூச்சும் முட்டல. ஈஸி சேர்ல பேப்பர் படிச்சிட்டு இருந்தாலும் இதே நேரத்துக்கு நின்னுருக்கும். அதை மனசுல வெச்சுக்காத." வாசல் வரை போனவர் திரும்பி, "அதை எடுத்து உள்ள வை. ஆட்கள் வருவாங்க" என்றார்.

அவள் டப்புத் தண்ணீரைப் பால்கனியின் சாக்கடைக் குழியில் கொட்டினாள். துண்டோடு எல்லாவற்றையும் சுருட்டி, படுக்கையறையில் கட்டித் தயாராக நின்ற பெரிய பெட்டியில் திணித்து ஜிப்பை இழுத்தாள். பிறகுதான் கணவனுக்கு போன் செய்தாள். போனில் அவன் குரலைக் கேட்டதும்தான் அழுகை வந்தது.

*

பல்லைத் தேடி ஆட்கள் சோபாவைப் புரட்டினார்கள். தலையணை உறைகளை உதறினார்கள். மருமகளுக்கு ஒரு சந்தேகம் வந்தது. காலையில் பல்லைக் கழற்றி டப்புக்குள் போட்டிருந்தாரோ? அதையும் பார்க்கப் பரீட்சை வைத்தாரோ? தண்ணீரோடு குழியில் போய்விட்டதோ? யாரும் பார்க்காத சமயத்தில் பால்கனிக்குப் போய், குழியின் வலைமூடியைத் தூக்கி, முழங்கை வரை கையை விட்டுத் துழாவினாள். ஒரு பட்டனும் முடிக்கற்றையும் வந்தன.

கையைக் கழுவிவிட்டுக் கூடத்துக்கு வந்தால் வாசலில் கண்ணாடிக் கடைக்காரர். கையில் ஒரு பூங்கொத்து. இந்த மனுஷன் வாயைத் திறந்தால் மூடுகிற வழக்கமில்லை.

"நீங்க?" என்றாள் அக்கா.

"சாருக்குக் கண்ணாடி நான்தாங்க போடறது. போன வாரம்கூட..." என்று ஆரம்பித்தபடியே குனிந்து முகத்தைப் பார்த்தார். நெற்றியிலிருந்து கோட்டைப் பிடித்துக்கொண்டு கண்ணோரமாக இறங்கி, கன்னத்தைச் சுற்றி மூக்கடிக்கு வந்தார். அளவெடுக்கிற கண். வாய் அப்படியே நின்றது.

"போன வாரம்கூட?" என்றாள் அக்கா.

"ஸ்க்ரூ டைட் பண்ணிட்டுப் போனாருங்க" என்றார் கடைக்காரர். பூவை வைத்தார். கும்பிட்டார். வெளியே போகும்போது மருமகள் பக்கத்தில் ஒரு நொடி தயங்கி, உதடு அசையாமல் கேட்டார். "கசிஞ்சுதா மேடம்?"

"ஒரு சொட்டு இல்ல."

அவர் கண் கலங்கிவிட்டது. தலையை ஆட்டிக்கொண்டே படியிறங்கினார்.

சின்ன மாமா இதற்குள் இரங்கல் கூட்டத்துக்கு வேண்டியதைத் திரட்ட ஆரம்பித்திருந்தார். "ஏம்மா, கடைசி நேரத்தில் அருகில் இருந்தவள் நீதானே? அண்ணன் இறுதியாக உதிர்த்த சொல் என்ன?"

அவளுக்குப் பொய் சொல்லித் தெம்பு தீர்ந்துபோயிருந்தது. "எல்லாம் பெரிசாத் தெரியுதும்மான்னு சொன்னாரு சின்ன மாமா."

சின்ன மாமா கண்ணை மூடினார். "ஆகா" என்றார். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொருவரிடமும் அதைச் சொன்னார். சொல்லச் சொல்ல அது வளர்ந்தது. முதலில் உலகம் பெரிதாகத் தெரிந்தது. பிறகு பிரபஞ்சம். பல்கலைக்கழகத்திலிருந்து ஆட்கள் வந்தபோது, "பிரபஞ்சமே விரிகிறது, என் தம்பியிடம் சொல்" என்று ஆகியிருந்தது. வரி விளம்பரத்தைப் பற்றி மருமகள் ஒன்றும் சொல்லவில்லை.

"இது என்ன?" உள்ளேயிருந்து அக்காவின் குரல் கேட்டது.

ஓடினாள். படுக்கையறையில் அக்கா பெட்டியின் கைப்பிடியைப் பிடித்து நின்றாள்.

"லீவுக்குப் போறதா இருந்தோமே அண்ணி. அதுக்குக் கட்டினது."

"அப்பா அங்க கிடக்கறாரு, பெட்டி இங்க ஜம்முனு நிக்குது. வர்றவங்க பாத்தா என்ன நினைப்பாங்க? பிரிச்சு அடுக்கிடு. இனிமே எங்க போறீங்க?" என்று சொல்லிக்கொண்டே பெட்டியைப் படுக்கையில் சாய்த்தாள். "ஒருவேளை பல்லைக்கூட இதுக்குள்ள பேக் பண்ணி வெச்சாரோ என்னவோ. ஊருக்குன்னா எல்லாத்தையும் முன்கூட்டியே எடுத்து வைப்பாரு."

மருமகள் ஜிப்பின்மேல் கையை வைத்தாள். "இதுல என் துணிதான் அண்ணி. உள்துணி."

"நான் பாக்காத உள்துணியா? கையை எடு."

அவள் எடுக்கவில்லை. அக்கா அவளை நிமிர்ந்து பார்த்தாள். அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து மருமகள் அக்காவிடம் எதையும் மறுத்ததில்லை. அவள் நின்றது கையைப் பிடித்துக் கெஞ்சுகிற மாதிரியும் இருந்தது, சண்டைக்கு நிற்கிற மாதிரியும் இருந்தது. வாசலில் ஹாரன் கேட்டது.

"வண்டி வந்துடுச்சு" என்று கணவன் குரல் கொடுத்தான்.

அக்காவின் முகம் உடைந்தது. கைப்பிடியை விட்டுவிட்டு, "அப்பா" என்று அலறிக்கொண்டு ஓடினாள்.

கண்ட்ரோலர் பொக்கை வாயோடு, பாதி மீசையோடு, வட்ட முத்திரையோடு, பளபளவென்று போனார்.

*

சாயங்காலம் கூட்டம் கலைந்தது. கூடத்தில் சின்ன மாமா போனில் யாருக்கோ பிரபஞ்சத்தை விரித்துக்கொண்டிருந்தார். கணவன் குளித்துவிட்டு ஈரத் தலையோடு படுக்கையறைக்கு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான்.

"டிக்கெட்டை கேன்சல் பண்ணிடலாமா?"

வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை, சரி என்று சொல்ல மனசு வரவில்லை. அழுது ஓய்ந்த இந்த நேரத்திலும் மஞ்சள் மீன் ஒன்று உள்ளுக்குள் வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. வெட்கமாக இருந்தது.

"அப்பாவுக்கு எதுக்கு டிக்கெட் போட்டோம்னே தெரியல. பெட்டி பாத்துக்கறேன்னாரு. அந்தப் பெட்டியில என்ன தங்கமா இருக்கு?" தலை துவட்டத் துண்டு தேடினான். கொடியில் இல்லை. பெட்டியை இழுத்து ஜிப்பைத் திறந்தான். அவள் தடுக்கவில்லை. மேலாகவே இருந்தது சுருட்டின துண்டு. ஈர வாடை அடித்தது. பிரித்ததும் மாஸ்க் மடியில் விழுந்தது.

"உன்னோடது நீலம்தானே? இது யாரோடது?"

சீல் உடைந்துவிட்டது. அவள் சொன்னாள். இரண்டு பஸ் மாறினது, மீசை, சிலிண்டர்காரர், தோளைத் தட்ட இருந்தது, டப்பு, வரி விளம்பரம் எல்லாவற்றையும். ரகசியமாகச் சொல்ல வேண்டியிருந்ததால் வேகமாகச் சொன்னாள், வேகமாகச் சொன்னதில் நடுவில் இரண்டு தடவை சிரித்தும்விட்டாள். அவன் சிரிக்கவில்லை. வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

"எங்கப்பாவா?" என்றான். "ஊ-ன்னாரா?"

"ஆமாங்க."

மாஸ்க்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். முகத்தில் வைத்துக்கொண்டான். அவனுக்குப் பார்வைக் கோளாறு எதுவும் கிடையாது. "எல்லாம் பொடிசா இருக்கு" என்றான் உள்ளிருந்து. "நீகூட எங்கயோ தூரத்துல நிக்கற."

"அவருக்குப் பெரிசாத் தெரிஞ்சுது."

அவன் மாஸ்க்கைக் கழற்றவில்லை. உள்ளே கண்ணாடி மெல்ல மங்கிக்கொண்டு வந்தது. "கேன்சல் பண்ண வேண்டாம்" என்றான். "கொஞ்ச நாள் தள்ளிப் போட்டுக்கலாம். இதையும் எடுத்துட்டுப் போலாம்."

கூடத்தில் அக்கா, துக்கம் விசாரிக்க வந்த யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். "எல்லாம் நல்லபடியா ஆச்சு. அந்தப் பல் செட்டுதான் கடைசி வரைக்கும் கிடைக்கவே இல்லை."

துண்டில் இன்னும் ஏதோ கனமாக இருந்தது. அவன் மாஸ்க்கை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அதைப் பிரித்து எடுத்தான். மூச்சுக் குழாய். அதன் ரப்பர் வாயை மேல்வரிசைப் பல் செட் முழுசாகக் கடித்துக்கொண்டிருந்தது.